சிட்லபாக்கமா, சித்தாலப்பாக்கமா?

(பட்டிமன்றத் தலைப்பு: வேலையாகப் போன இடத்தில் வேரையும் நட்பையும் தேடுவது வீண் சுமையா, தனிச் சுகமா? ‘தனிச் சுகமே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! ‘சுமை, சுமை’ என்று சொல்லிச் சொல்லியே தோள் இறங்கிப்போய் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) என் அணித் தலைவி அவர்களே! மார்கழிப் பனியையும் சிட்லபாக்கம் கொசுவையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எங்கள் ஊர்ப் பெருமக்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலே பொங்கல் தட்டோடு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

ஐயா, நான் இந்த ஊர்க்காரன். 1986-லே இங்கே ஒரு கிரவுண்டு வாங்கினேன். அப்ப எங்க மாமியார் வந்து சுத்திப் பார்த்தாங்க. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் வயல், ராத்திரியானா தவளைக் கச்சேரி. ‘மாப்பிள்ளே, மெட்ராஸ்லே இடம் வாங்கியிருக்கேன்னீங்க. மெட்ராஸ் எங்கே?’ன்னு கேட்டாங்க. (சிரிப்பு) பதில் சொல்ல முடியலை. 2021-லே எங்க ஊரை மாநகராட்சியோட சேர்த்தாங்க. ஓடிப்போய்ச் சொன்னேன். ‘எந்த மாநகராட்சி?’ன்னாங்க. தாம்பரம் மாநகராட்சின்னேன். ‘அப்ப மெட்ராஸ் இன்னும் வரலை’ன்னுட்டாங்க. (கைதட்டல், சிரிப்பு)

முப்பது வருஷம் நான் ஒரு வங்கியிலே ஆடிட்டர். வங்கி பேர் வேண்டாம். என் தொழிலே ஊர் ஊராப் போய் அடுத்தவன் கணக்கிலே தப்புக் கண்டுபிடிக்கிறது. வீட்டிலே எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. அங்கே ஆடிட்டர் வேற. (சிரிப்பு) ஆகையினாலே இந்தத் தலைப்பிலே பேச எனக்குத் தகுதி இருக்கு. வேலையாப் போனவன் எங்கெங்கே போனான், எந்த பஸ்ஸிலே ஏறினான், எந்த ஓட்டல்லே எத்தனை இட்லி சாப்பிட்டான் என்கிற டி.ஏ. பில்லை ஆயிரக்கணக்கிலே பார்த்தவன் நான்.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலே என்ன சொன்னார்? ‘ஆபீஸ் காசிலே போய்ச் சொந்தக்காரன் வீட்டிலே விருந்து சாப்பிடறது நேர்மையா?’ன்னு கேட்டார். ஐயா, அந்த இடத்திலே நான் அவர் கட்சி. ஒருத்தர் மூணு நாள் வேலையை ஆறு நாளா இழுத்து, நடுவிலே அக்கா பொண்ணு கல்யாணத்தையும் முடிச்சுக்கிட்டு வந்து பில் போட்டார். பில்லைக் கையிலே எடுத்தா சந்தன வாசனை! (சிரிப்பு) அந்த பில்லை வெட்டினவன் நான்தான். மூணு நாள் வேலைன்னா மூணு நாள். நாலாவது நாளுக்கு லீவு எழுதிக் கொடு. கிராமத்துக்குப் போற பஸ் டிக்கெட்டை உன் சட்டைப் பையிலேயிருந்து வாங்கு. ராத்திரி தங்கப்போறேன்னா முன்னாடியே ஒரு தகவல் சொல்லு; வாசல்லே போய்ப் பெட்டியோட நின்னு அந்த வீட்டம்மாவை மறுபடியும் உலை வைக்க விடாதே. இதையெல்லாம் நான் ஒத்துக்கிறேன். ஆனா நேர்மையில்லாதவன் ஒருத்தன் போனான் என்கிறதுக்காக, நேர்மையா இருக்கிறவனும் போகாதேன்னா எப்படி? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தற கதையா இருக்கே!

இன்னொண்ணும் சொன்னார். கணியன் பூங்குன்றனாரை இழுத்தார். எல்லா ஊரும் நம்ம ஊர்தான்னு பாடின பரம்பரை, நீ என்ன ஒரு ஊரைத் தேடிக்கிட்டு அலையறேன்னார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனா ஐயா, அந்தப் புலவர் பேர் என்ன? பூங்குன்றனார்! பூங்குன்றம் அவர் ஊர். சிவகங்கை மாவட்டத்திலே மகிபாலன்பட்டின்னு சொல்றாங்களே, அதுதான் அந்தப் பூங்குன்றம். எல்லா ஊரும் என் ஊர்னு உலகத்துக்கே சொன்ன மனுஷன், தன் பேரிலே தன் ஊரை மட்டும்தான் வெச்சிக்கிட்டார்! (பலத்த கைதட்டல்) ஆலத்தூர் கிழார், கோவூர் கிழார்னு ஊர்ப் பேரையே பேரா வெச்சிக்கிட்டவங்க சங்க காலத்திலே எத்தனை பேர்! நட்புக்கு நம்ம இலக்கியம் யாரைக் காட்டுது? பிசிராந்தையாரை. அவரும் பிசிர் என்கிற ஊரைப் பேரோட கட்டிக்கிட்டுப் பாண்டிய நாட்டிலேயிருந்து நடந்தே வந்தார், முகமே பார்க்காத சோழ ராஜாவுக்காக. அந்த ராஜா கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிரை விட்டார். ஊரும் நட்பும் சேர்ந்தே வந்தது அவர்கிட்டே. நாம்தான் ரெண்டையும் பில்லிலே தனித்தனி வரியிலே எழுதறோம்.

அடுத்தது, ‘வேலை கெட்டுப்போகும்’கிற வாதம். வேலை அதிகமான ஆள் யாருன்னு நினைச்சுப் பார்த்தேன். அமெரிக்க ஜனாதிபதியைவிட வேலை அதிகமான ஆள் எதிரணியிலே யாராவது இருக்கீங்களா? (சிரிப்பு) 1963 ஜூன் மாசம், ஜான் கென்னடி ஐரோப்பாவுக்குப் போறார். ஜூன் 26-ந் தேதி பெர்லின்லே லட்சக்கணக்கான ஜனங்க முன்னாலே பேச்சு. ஊரை ரெண்டாப் பிளந்து சுவர் கட்டியிருக்கிற நேரம். உலகமே என்ன ஆகுமோன்னு கவலைப்பட்ட காலம். அங்கே பேசிட்டு அன்னிக்குச் சாயந்திரமே அயர்லாந்திலே இறங்கறார். மறுநாள் வெக்ஸ்ஃபோர்டு கவுண்டியிலே டங்கன்ஸ்டவுன்கிற ஊர். ஊர்னா என்ன, நாலு பண்ணை வீடு. 1840-கள்லே உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப்போய் அயர்லாந்தே பட்டினியிலே செத்த காலத்திலே, அவருடைய கொள்ளுத்தாத்தா பாட்ரிக் கென்னடி கப்பலேறினார் பாருங்க, அந்த ஊர். அங்கே தூரத்து உறவு ஒரு அம்மா, மேரி ரயன்னு பேர். பண்ணை முற்றத்திலே டீயும் பலகாரமும் வெச்சுக் காத்துக்கிட்டிருக்காங்க. ஜனாதிபதி நின்னுக்கிட்டே டீ குடிச்சார்.

அது ரெண்டாவது தடவை ஐயா! 1947-லே அவர் வெறும் காங்கிரஸ் உறுப்பினரா இருந்தப்ப, ஐரோப்பாவுக்கு வேலையா வந்தவர், வழி விசாரிச்சுக்கிட்டே கார்லே தேடிப் போய் அதே ஊர்லே உட்கார்ந்து டீ குடிச்சிட்டு வந்திருக்கார். ‘அப்புறம் தனியா வந்து சாவகாசமாப் பார்த்துக்கலாம்’னு அவர் நினைச்சிருந்தா? 1963 நவம்பர் 22-ந் தேதி அவரைச் சுட்டுட்டாங்க. அஞ்சு மாசம்கூட முழுசா ஆகலை.

‘ஒபாமா தன் அப்பா ஊருக்குப் போகலையே?’ன்னு எதிரணி அம்மையார் கேட்டாங்க. உண்மைதான். 2015 ஜூலையிலே மாநாட்டுக்காக நைரோபி போனப்ப, பாதுகாப்புக் காரணமா கொகேலோ கிராமத்துக்குப் போக முடியலை. அம்மையார் அதோட நிறுத்திக்கிட்டாங்க. ஆடிட்டர் மீதிப் பக்கத்தையும் புரட்டணுமில்லே? கிராமத்துக்குப் போக முடியலைன்னா, கிராமத்துச் சொந்தக்காரங்களை நைரோபிக்கே வரவழைச்சு, வந்து இறங்கின அன்னிக்கு ராத்திரியே அவங்களோட உட்கார்ந்து சாப்பிட்டார். பாட்டி முறையிலே ஒரு கிழவி, சாரா அம்மா, அவங்களும் இருந்தாங்க. பதவியெல்லாம் போனப்புறம் 2018-லே கொகேலோவுக்கே போனார். அதுவும் அங்கே ஒரு மையத்தைத் திறந்து வைக்கிற வேலையா! (கைதட்டல்)

நம்ம நாட்டுக் கதை ஒண்ணு. டிரினிடாட் பிரதமர் கமலா பெர்சாத் பிசேசர். 2012 ஜனவரியிலே ஜெய்ப்பூர்லே வெளிநாடுவாழ் இந்தியர் மாநாட்டுக்குத் தலைமை விருந்தாளியா வந்தாங்க. அரசுமுறைப் பயணம். அதுக்கு நடுவிலே பீகார்லே பக்சர் மாவட்டம், பேலூபூர் கிராமம். அங்கேயிருந்துதான் அவங்க கொள்ளுத்தாத்தா 1889-லே கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியிருக்கார். ஊர் ஜனமெல்லாம் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைக்கிற மாதிரி அழைச்சுது. மேடையிலே அந்த அம்மா அழுதுட்டாங்க. பிரதமர் அழுதாங்கன்னு ராஜாங்க காரியம் எதுவும் நின்னுபோச்சா?

பெரிய மனுஷங்க கதை போதும். என் கதைக்கு வர்றேன். நடுவர் மணியிலே கை வைக்கிறது தெரியுது. ரெண்டே கதை ஐயா.

எங்க அப்பாவுக்கு ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவிலே ஒரு கிராமம். 1948-லே, பத்தொன்பது வயசிலே மெட்ராஸ் வந்தவர். அப்புறம் ஒரு தடவைகூட ஊருக்குப் போனதில்லை. ஏம்ப்பான்னா, ‘அங்கே யாரு இருக்கா’ம்பார். ஆனா நான் மன்னார்குடிக் கிளை ஆடிட்டுக்குப் புறப்பட்டா மட்டும், செருப்பு மாட்டறப்ப வாசப்படிகிட்டே வந்து நிப்பார். ‘நேரமிருந்தா ஊருக்கு ஒரு எட்டு போயிட்டு வா. மேலத்தெரு கோடி வீட்டுக்காரன் இருக்கானான்னு பாரு’ம்பார். அவ்வளவுதான். ஏன், எதுக்குன்னு சொல்லமாட்டார்.

1988-லே போனேன். நேரமில்லை, வந்துட்டேன். 1991-லே போனேன். கணக்கிலே ஒண்ணேகால் ரூபா இடிச்சுது. அந்த ஒண்ணேகால் ரூபாயைத் தேடி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பேரேட்டுக்கு முன்னாலே உட்கார்ந்திருந்தேன். கண்டுபிடிச்சேன். ரொம்பப் பெருமை! 1993-லே போனப்ப நல்ல மழை. கடைசி பஸ் போயிடும்னு பயந்துக்கிட்டு லாட்ஜிலே படுத்துட்டேன். ஒவ்வொரு தடவை திரும்பி வந்ததும் அப்பா கேட்பார், ‘பார்த்தியா?’ இல்லப்பா, நேரமில்லே. ‘சரி சரி, வேலைதானே முக்கியம்.’ அன்னிக்கு எங்க அப்பா எதிரணியிலே இருந்தார் ஐயா. என்னைச் சமாதானப்படுத்தறதுக்காக.

1994-லே அப்பா காலமாயிட்டார்.

1996-லே மறுபடியும் மன்னார்குடி. சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கே ஆடிட்டை முடிச்சுட்டேன். டவுன் பஸ்ஸிலே ஏறினேன். டிக்கெட் ரெண்டேகால் ரூபாய். மேலத்தெருவுக்குப் போனேன். கோடி வீட்டுத் திண்ணையிலே ஒரு பெரியவர். கண் சரியாத் தெரியலை. ‘யாரு?’ன்னார். இன்னார் மகன்னு அப்பா பேரைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. கையை நீட்டி என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டார். அப்புறம் கேட்டார், ‘அவன் இன்னும் எம்மேலே கோவமாத்தான் இருக்கானா?’

எனக்கு ஒண்ணும் புரியலை. ‘என்ன கோவம் ஐயா?’ன்னேன். அவர் சொன்ன கதை இதுதான். 1948-லே எங்க அப்பா மெட்ராஸ் போறதுக்குப் பணம் கேட்டிருக்கார். இவர், ‘ஒண்ணும் போகவேணாம், இங்கேயே கிட’ன்னு திட்டி அனுப்பிச்சிருக்கார். அன்னிக்கு ராத்திரி திண்ணையிலே சாத்தியிருந்த இவருடைய சைக்கிளைக் காணோம். எங்க அப்பா அதை மிதிச்சுக்கிட்டு நீடாமங்கலம் போய், அங்கே ஒரு கடையிலே வித்து, அந்தக் காசிலே ரயிலேறியிருக்கார்! அப்பா என்ன நினைச்சார்? சைக்கிளைத் திருடினதுக்கு அவன் கோவமா இருப்பான், எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போறதுன்னு நினைச்சார். இவர் என்ன நினைச்சார்? பணம் கொடுக்கலைன்னு அவன் கோவமாப் போயிட்டான், அதான் ஒரு கார்டுகூடப் போடலைன்னு நினைச்சார். இவன் கோவமா இருக்கான்னு அவனும், அவன் கோவமா இருக்கான்னு இவனும் நாப்பத்தாறு வருஷம் இருந்திருக்காங்க ஐயா! (அரங்கில் அமைதி)

நடுவிலே ஒருத்தன் மூணு தடவை வந்திருக்கான். அரைமணி நேரப் பயணத்திலே உட்கார்ந்து ஒண்ணேகால் ரூபாய் தேடியிருக்கான். ஒரு வாக்கியத்தை இந்தத் திண்ணையிலேயிருந்து அந்த வாசப்படிக்கு எடுத்துக்கிட்டுப் போனாப் போதும். அதுக்கு ஆகிற செலவு ரெண்டேகால் ரூபாய். அந்த ரெண்டேகாலை எந்த பில்லிலேயும் எழுத முடியாது என்கிறதாலே நான் அதைச் செலவு பண்ணலை.

அப்பா போய் ரெண்டு வருஷமாச்சுன்னு சொன்னேன். பெரியவர் அழலை. கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கிட்டிருந்துட்டு, ‘அது பழைய சைக்கிள்தாம்ப்பா’ன்னார்.

(கைதட்டல்) இருங்க, கை தட்டாதீங்க. இன்னொரு கதை பாக்கி இருக்கு. அது சிரிக்கிற கதை.

2019 ஜனவரி கடைசி. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலே தோல் பொருள் கண்காட்சி. வருஷா வருஷம் நடக்கிறதுதான். நம்ம பக்கத்துக்கும் தோலுக்கும் சம்பந்தம் புதுசில்லை. குரோம் லெதர் தொழிற்சாலை இருந்ததாலேதானே குரோம்பேட்டைன்னே பேர் வந்தது! பல்லாவரத்திலே எனக்கு ஒரு சிநேகிதன், செருப்பு மேல்தோல் வியாபாரம். ராத்திரி போன் பண்ணினான். ‘டேய், தென் ஆப்பிரிக்கா டர்பன்லேயிருந்து ஒரு பார்ட்டி வந்திருக்கார். கையிலே ஒரு காகிதம் வெச்சிக்கிட்டு ஸ்டால் ஸ்டாலா, இந்த ஊர் எங்கே இருக்குன்னு கேட்டுக்கிட்டிருக்கார். உங்க ஊர் பேர் மாதிரி இருக்குடா’ன்னான். பழைய நானாயிருந்தா, ‘தூக்கம் வருது, நாளைக்குப் பார்க்கலாம்’னிருப்பேன். மன்னார்குடிக்கு அப்புறம் நான் வேற ஆள். ‘கூட்டிக்கிட்டு வா’ன்னேன்.

அந்தக் காகிதத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். 1860 அக்டோபர் 12-ந் தேதி மெட்ராஸ்லேயிருந்து ‘ட்ரூரோ’ங்கிற கப்பல் கிளம்பி, நவம்பர் 16-ந் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலே போனவங்க 342 பேர். கரும்புத் தோட்டத்திலே அஞ்சு வருஷ ஒப்பந்தம், மாசம் பத்து ஷில்லிங் சம்பளம். 1911 வரைக்கும் போனவங்க மொத்தம் 1,52,184 பேர். மூணிலே ரெண்டு பங்கு மெட்ராஸ் துறைமுகத்திலே ஏறினவங்க. வெள்ளைக்காரன் ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் போட்டு, பேர், அப்பா பேர், வயசு, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலே இருக்கிற தழும்பு வரைக்கும் பேரேட்டிலே எழுதி வெச்சான். மனுஷனைச் சரக்கா நினைச்சு எழுதின கணக்கு அது. ஆனா இன்னிக்கு அந்த ஊர்லே இருக்கிற பேரன் பேத்திக்கெல்லாம் ஜாதகம், பத்திரம், பட்டா எல்லாமே அந்த ஒரு வரிதான். கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆயிட்டார், முதலியார் மூட்லி ஆயிட்டார். தமிழ் பேச்சு பல வீட்டிலே போயிடுச்சு. தைப்பூசக் காவடி போகலை.

காலையிலே ஆறு மணிக்கு வந்தார் அந்த டர்பன் நண்பர். ஐம்பது வயசிருக்கும். காகிதத்தை நீட்டினார். கொள்ளுத்தாத்தா பேர், வயசு இருபத்திரண்டு, ஜில்லா செங்கல்பட்டு, தாலுகா சைதாப்பேட்டை. சரியாத்தான் இருக்கு. அந்தக் காலத்திலே தாம்பரம் பக்கமெல்லாம் சைதாப்பேட்டை தாலுகாதான். இடது முழங்கால்லே தழும்பு. நான் அவர் முழங்காலைப் பார்த்தேன். ‘எனக்கு இல்லை சார், தேடிட்டேன்’னார்! (சிரிப்பு) கிராமம்? அங்கேதான் வந்தது வில்லங்கம். காதாலே கேட்டு எழுதின குமாஸ்தா, முதல் எழுத்து எஸ் போட்டிருக்கான். ரெண்டு ‘டி’ போட்டிருக்கான். அதைப் பார்த்தா நம்ம சிட்லபாக்கம். ஆனா ‘டி’க்கும் ‘எல்’லுக்கும் நடுவிலே ஒரு ‘ஏ’ போட்டிருக்கான். அதைப் பார்த்தா மேடவாக்கத்திலேயிருந்து மாம்பாக்கம் போற சாலையிலே இருக்கிற சித்தாலப்பாக்கம்!

உள்ளூர் ஜனங்க ஏன் சிரிக்கறீங்கன்னு நடுவருக்குப் புரியாது. (பலத்த சிரிப்பு) ஐயா, இந்த ரெண்டு ஊராலே நாங்க படற பாடு கொஞ்சமில்லை. கூரியர் பையன் எங்க பார்சலை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் அங்கே போய் நின்னு, நல்ல நேரமெல்லாம் போய், எம கண்டத்திலே இங்கே வந்து சேர்ந்தாங்க. இப்ப நமக்கே இந்தக் கதின்னா, நூத்தி இருபது வருஷத்துக்கு முன்னாலே மெட்ராஸ் துறைமுகத்திலே ஒரு குமாஸ்தா என்ன பண்ணுவான்?

அவருக்குப் பத்து மணிக்கு ஸ்டால் திறக்கணும். இருக்கிறது நாலு மணி நேரம். என் ஸ்கூட்டர்லே ஏத்திக்கிட்டேன். முதல்லே நம்ம ஊர் பழைய கிராமத் தெரு. அங்கே ஒரு ஆயா, எண்பது தாண்டினவங்க, கோலம் போட்டுக்கிட்டிருந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். அவங்க கேட்ட முதல் கேள்வி, ‘குலசாமி எது?’ அவர் மாரியம்மன்னார். ‘மாரியம்மா எல்லா ஊர்லேயும்தான் இருக்கா. வேற?’ன்னாங்க. அவருக்கு வேற தெரியலை. ‘உங்க பாட்டியை எப்படிக் கூப்பிடுவீங்க?’ன்னாங்க. ‘ஆயா’ன்னார். கிழவி கையிலே இருந்த கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வெச்சுட்டாங்க. ‘நம்ம பக்கத்துப் புள்ளைதான்யா இது’ன்னாங்க. ஐயா, தஞ்சாவூர்க்காரன் நான், பாட்டின்னுவேன், அப்பத்தான்னுவேன். ஆயாங்கிறது இந்தப் பக்கத்துப் பேச்சு. கப்பல்லே போய், கரும்பு வெட்டி, நாலு தலைமுறை கழிஞ்சு, மொழியே போனப்புறமும் அந்த ஒரு வார்த்தை அவர் வீட்டிலே கிடந்திருக்கு.

அப்புறம் ஏரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். கூட்டிக்கிட்டுப் போயிட்டு ஏன் போனோம்னு ஆயிடுச்சு. அன்னிக்கு இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். ஒரு ஓரத்திலே குப்பை, நடுவிலே ஆகாயத்தாமரை, தண்ணி எங்கேன்னு தேடணும். அவர் கரையிலே நின்னு பார்த்தார். ‘எங்க தாத்தா இங்கே குளிச்சிருப்பாரா?’ன்னு கேட்டார். எனக்கு வெட்கமா இருந்தது. அவருக்கு இங்கிலீஷ்லே பதில் சொல்லத் தெரியாதவன் மாதிரி நின்னேன்.

அங்கேயிருந்து சித்தாலப்பாக்கம். அங்கே ஒரு டீக்கடையிலே நாலு பெரியவங்க. அவங்களும் அதே கேள்வி, குலசாமி எது? அவரும் அதே பதில். அங்கேயும் அதே மாதிரி, ‘நம்ம பையன்தான்’னு டீ வாங்கிக் கொடுத்து, காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க! எந்த ஊர்னு முடிவாகலை. ஆடிட்டர் எனக்கு மனசு கேட்கலை. ‘சரியான ஊரைக் கண்டுபிடிக்க முடியலையே’ன்னு வருத்தப்பட்டேன். அவர் சிரிச்சார். ‘ஒரு ஊரைத் தேடி வந்தேன், ரெண்டு கிடைச்சிருக்கு. நீங்க ஏன் வருத்தப்படறீங்க?’ன்னார். (கைதட்டல்) ரெண்டு ஊர்ப் பலகைக்கும் பக்கத்திலே நின்னு போட்டோ எடுத்துக்கிட்டார். பத்தடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப நந்தம்பாக்கத்திலே இறக்கிவிட்டேன். ஸ்டால் திறந்துட்டார். வேலை கெடலை. அன்னிக்குத்தான் அதிக ஆர்டர் கிடைச்சதுன்னு பல்லாவரத்துக்காரன் சொன்னான். அதை நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், வியாபாரி பேச்சு. (சிரிப்பு)

எதிரணி நண்பர்களே, வேருக்குன்னு தனியா லீவு போட்டு, தனியா டிக்கெட் எடுத்து, சாவகாசமா ஒரு நாள் வரலாம்னீங்களே. வசதி இருக்கிறவர் வரட்டும், வேணாங்கலை. ஆனா செருப்புக்கடை வெச்சிருக்கிறவருக்கு அந்தத் ‘தனியா ஒரு நாள்’ எப்ப வரும்? அவருக்கு வந்தது காலை ஆறிலேயிருந்து பத்து. அவ்வளவுதான். அவர் அதை எடுத்துக்கிட்டார். எங்க அப்பாவுக்காக எனக்கு மூணு தடவை வந்தது. நான் எடுத்துக்கலை.

மணி அடிச்சாச்சு. அரை நிமிஷம் ஐயா. அந்த நண்பர் வருஷா வருஷம் பொங்கலன்னிக்குப் போன் பண்றார். என் உடம்பு எப்படின்னு அப்புறம்தான் கேட்பார். முதல் கேள்வி, ‘ஏரியிலே தண்ணி இருக்கா?’ 2019-லேயே ஏரியைச் சீரமைக்க அரசாங்கம் 25 கோடி ரூபாய் ஒதுக்கிச்சு. அதுக்கு முன்னாலேயே எங்க ஊர் இளைஞர்களும் தாத்தாக்களும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை இறங்கிக் குப்பை அள்ளினாங்க. கரையைச் சுத்தி நடைபாதை வந்துச்சு. இதெல்லாம் ஒவ்வொரு வருஷமும் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லிக்கிட்டு வர்றேன். போன வருஷம் நீர்க்காக்கை பார்த்தேன்னு சொன்னேன். டர்பன்லே அவர் பக்கத்திலே இருந்த யாருக்கோ அதைத் திருப்பிச் சொன்னது எனக்குக் கேட்டுது.

நாளைக்குப் பொங்கல். போன் வந்துடும். விடியறதுக்குள்ளே ஏரிப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரணும். விடை கொடுங்க ஐயா.

(நீண்ட கைதட்டல்)